பின் வீல் லாக் ஆன ஜென்

மதுக்கரை தாண்டி வாளையாறு போகும் ரோடு, லேசான தூறல். என் மாருதி ஜென் காரில் 60 கி.மீ. வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன மினி பஸ் சிக்னல் எதுவும் போடாமல் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்பதற்குப் பதிலாகத் திரும்பியது. மூக்கு இடது பக்கம், வால் வலது பக்கம், எதிரே ஒரு லாரி. பயத்தில் கால் தானாகப் பிரேக்கிலிருந்து எழுந்துவிட்டது. வண்டி ஒரு உதறு உதறி நேரானது. மினி பஸ்ஸின் இடப்பக்க மண்ணில் இறங்கி நின்றபோதுதான் மூச்சு வந்தது.

பின் வீல் லாக் ஆகும்போது, அதாவது உருளாமல் நின்று இழுபடும்போது, செய்ய வேண்டியது அதுதான் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். பிரேக்கை விட வேண்டும், சக்கரம் உருள வேண்டும். நான் தெரிந்து செய்யவில்லை, பயந்து செய்தேன்.

வண்டி 1998 மாடல் மாருதி ஜென். நான் வாங்கும்போதே முன்னவர் மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் எஞ்சினை இறக்கி, ஆர்.சி.யிலும் ஏற்றி வைத்திருந்தார். (ஆர்.சி.யில் ஏறாத எஞ்சின் மாற்றிய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் பேச்சே வேறு மாதிரி போகும்.) அதற்கு மேல் நான் செய்ததுதான் மீதி. தாழ்வான ஸ்பிரிங் போட்டேன். எடை குறைய வேண்டும் என்று பின் சீட்டைக் கழற்றினேன், ஸ்டெப்னியையும் எடுத்துவிட்டேன். முன்னால் மட்டும் நல்ல பிடிமானமுள்ள புது டயர். பின்னால் இருந்த பழைய டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டங்கள்) இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டேன். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ரேஸ் கார் கட்டிய ஊர் கோயம்புத்தூர். இங்கே எங்களுக்கெல்லாம் அந்தக் கிறுக்கு கொஞ்சம் உண்டு. செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஒரு நாள் ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். பிரேக்கைப் பற்றி மட்டும் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

அன்று ராத்திரியே உட்கார்ந்து படித்தேன். விஷயம் எளிமையானது. பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவர்கள் டிரைவர் பிரேக் போட்டதும் முன்னால் சாய்வதுபோல, பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரமும் முன் சக்கரங்களுக்குப் போகிறது. பின் சக்கரங்கள் லேசாகின்றன. லேசான சக்கரம் சீக்கிரம் உருளாமல் நின்றுவிடும். உருளும் சக்கரம் பக்கவாட்டில் நழுவாமல் எதிர்த்து நிற்கும். இழுபடும் சக்கரத்துக்கு நேர், பக்கம் என்ற வித்தியாசமே கிடையாது. முன் வீல் லாக் ஆனால் ஸ்டியரிங் வேலை செய்யாது, ஆனால் வண்டி நேராகவாவது போகும். பின் வீல் லாக் ஆனால் வால் முன்னால் வரப் பார்க்கும். அதனால்தான் எந்தக் கம்பெனியும் முன் சக்கரம் முதலில் லாக் ஆகும்படியே பிரேக்கை அமைக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற புதுக் கார்களில் ஏ.பி.எஸ். (சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் அமைப்பு) கட்டாயம் என்பதால் அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. என் ஜென் மாதிரி வண்டிகளில் எல்லாமே ஆயிலும் பைப்பும் ரப்பரும்தான்.

இதைப் படித்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் பிரேக் அதிகம், குறைக்க வேண்டும், அவ்வளவுதானே. திருகினால் பின் பிரேக் பிரஷரைக் குறைக்கும் ஒரு வால்வு விற்கிறார்கள். 6,500 ரூபாய் கொடுத்து வாங்கி, தெரிந்த ஒரு பட்டறையில் கொடுத்தேன். பின்னால் போகும் இரண்டு பைப்பையும் ஒரு டீ ஜாயின்ட்டில் (T வடிவ இணைப்பு) சேர்த்து, வால்வை அதன் நடுவில் வைத்து, மறுபடி இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. சிவப்புக் குமிழ் வேறு.

வால்வைக் கொஞ்சம் திருகி ஓட்டிப் பார்த்தேன். வால் இழுத்தது. இன்னும் திருகினேன். இழுப்பு குறைந்தது, போகவில்லை. கடைசிவரை திருகியபோது வண்டி நிற்கவே நேரம் பிடித்தது. ஆனாலும் ஈர ரோட்டில் மெதுவாக மிதித்தால் அதே இடது பக்கத் திரும்பல். வால்வுதான் மட்டம் என்று முடிவு கட்டி, வேறு வால்வு தேட ஆரம்பித்தேன்.

அந்த நேரத்தில்தான் மாமா ஒருவர் சொல்லி, சிங்காநல்லூர் பக்கம் பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனேன். அறுபது வயதிருக்கும். பானட்டைத் திறந்து டீ ஜாயின்ட்டைப் பார்த்தவர், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஏனுங் தம்பி, இந்த ரெண்டு லைனையும் யாரு ஒண்ணு சேர்த்தா?"

பட்டறையில்தான் என்றேன்.

"மாஸ்டர் சிலிண்டர்ல ரெண்டு அறை எதுக்கு வெச்சிருக்கான்? ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கோணும்னுதானுங்க. இப்ப எங்க புட்டுக்கிட்டாலும் மொத்தமும் போயிருமுங்க."

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தப்பைச் செய்த வண்டிகளை அதற்கப்புறம் இரண்டு பார்த்துவிட்டேன். நாம் மிதிக்கும் பலத்தை ஆயில் பிரஷராக்கி சக்கரங்களுக்கு அனுப்புவதுதான் மாஸ்டர் சிலிண்டர். முன்சக்கர இழுவை உள்ள சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும். முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி. முன் வலதும் பின் இடதும் இன்னொரு ஜோடி. ஒரு பைப் வெடித்தாலும் அடுத்த ஜோடியில் ஒரு முன் சக்கரமும் ஒரு பின் சக்கரமும் பிடிக்கும். பின்னிரண்டையும் ஒரே வால்வுக்குக் கொண்டுவந்தால் இரண்டு ஜோடியும் அங்கே ஒன்றாகிவிடும். ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரமும் போய்விடும். வால்வு வைத்தே தீர வேண்டுமென்றால் ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனி வால்வு வேண்டும். இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்தே முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று லைனை மாற்ற வேண்டும், அது மாஸ்டர் சிலிண்டரின் அளவையும் சேர்த்து யோசிக்க வேண்டிய வேலை. வால்வில் கை வைக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, எந்த பைப் எங்கே போகிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

அண்ணன் டீ ஜாயின்ட்டைக் கழற்றி, பழையபடி இரண்டு லைனையும் தனித்தனியாகப் பூட்டி, லைனில் புகுந்த காற்றை எடுத்துக் கொடுத்தார். "லாக் ஆவறது ரெண்டு சக்கரமா, ஒரு சக்கரமான்னு பாத்துட்டு வாங்க. அப்புறம் டிரம்மைக் கழட்டலாம்" என்று அனுப்பிவிட்டார். (டிரம் என்பது பின் சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம், பின் பிரேக் அதற்குள்தான் இருக்கிறது.) எனக்கு எரிச்சல்தான். இதைக்கூடவா பார்க்காமல் இருந்திருப்பேன்? உண்மையில் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே சைட் போட்டு விற்காமல் கிடக்கும் லே-அவுட் ஒன்று. முப்பதடி தார் ரோடு, நாயைத் தவிர யாரும் இல்லை. பின் டயர்களின் பக்கவாட்டில் வெள்ளை டேப் ஒட்டினோம், சுற்றுவதும் நிற்பதும் கண்ணுக்குத் தெரிவதற்காக. மச்சான் ரோட்டோரம் குத்த வைத்து உட்கார்ந்து போனில் ஸ்லோ மோஷன் எடுத்தான். நான் 40-ல் வந்து அழுத்தி மிதித்தேன். கிறீச்சென்று சத்தம், லேசான திரும்பல், வண்டி நின்றது. இறங்கி வந்தால் அவன் வீடியோவைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், ஒரு கோடுதான் இருக்கு."

ஒரே கோடு. கருப்பாக, நாலு மீட்டர் நீளத்தில், இடது பின் சக்கரம் வந்த தடத்தில் மட்டும். வலது பின் சக்கரம் கடைசிவரை உருண்டிருக்கிறது. மாதக்கணக்கில் நான் பின் பிரேக் என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தது ஒரே ஒரு சக்கரத்தைப் பற்றி. வால்வைத் திருகும்போது நன்றாக இருந்த வலது பக்கத்தையும் சேர்த்தே குறைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யாராவது பின் வீல் லாக் ஆகிறது என்று சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: எத்தனை கோடு? ஒரு கோடு என்றால் அந்தச் சக்கரத்தில் ஏதோ கோளாறு. இரண்டு கோடு என்றால்தான் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பிரேக் பலத்தின் பங்கீடு தப்பு. அடுத்த கேள்வி, எப்போது? காய்ந்த ரோட்டில் முழு பலத்தோடு மிதிக்கும்போது மட்டும் என்றால் பங்கீட்டைச் சந்தேகிக்கலாம். ஈரத்தில் மெதுவாகத் தொட்டாலே பிடிக்கிறது என்றால் டிரம்முக்குள் பார்க்க வேண்டும். மழையில் ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் முதல் இரண்டு பிரேக்கில் கவ்வுவது மட்டும் கணக்கில்லை. அது டிரம்மில் படிந்த துரு, தேய்ந்து போய்விடும்.

டிரம்மைக் கழற்றும் முன் அண்ணன் இன்னொன்று செய்யச் சொன்னார். பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, இரண்டு பின் சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார். வலது பக்கம் வெதுவெதுப்பு. இடது பக்கம் கையை வைக்க முடியவில்லை. ஜாக்கி போட்டுச் சுற்றிப் பார்த்தபோது இடது சக்கரம் ஒரு சுற்றுகூட முழுதாகப் போகாமல் உரசிக்கொண்டு நின்றது.

மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் ஷூவைத் தள்ளும், ஷூவில் ஒட்டிய லைனிங் டிரம்மில் உரசி சக்கரத்தை நிறுத்தும், டிரம் பிரேக் அவ்வளவுதான். உள்ளே மூன்று விஷயங்கள் இருந்தன. ஹேண்ட் பிரேக் கேபிளை யாரோ இறுக்கி வைத்திருந்தார்கள். லீவர் இரண்டாவது பல்லிலேயே பிடிக்கும், நான் அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இறுக்கத்தில் இடது பக்க ஷூ முழுதாகத் திரும்பாமல் எப்போதும் டிரம்மைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டாவது, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கியதும் உள்ளே ஈரம். கசிந்த பிரேக் ஆயிலும் லைனிங் தூளும் சேர்ந்து காபிப் பொடி குழைத்த மாதிரி ஒரு பசை, ஷூவின் கீழ்ப்பாதி முழுவதும். ஆயில் ஊறிய லைனிங் சில நேரம் வழுக்கும், சில நேரம் சட்டென்று கவ்வும். பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவார்கள், அது வேலைக்காகாது. ஊறியது ஊறியதுதான், தூக்கிப் போட வேண்டும்.

மூன்றாவதை அண்ணன் கையில் வைத்துப் பார்த்தபோதே சந்தேகப்பட்டார். வெர்னியர் எடுத்து அளந்தார். இடது வீல் சிலிண்டரின் பிஸ்டன் வலதைவிட விட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் பெரிது. எப்போதோ ஒரு பக்கம் மட்டும் மாற்றியபோது கடையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். வெளித் தோற்றம், போல்ட் ஓட்டை எல்லாம் ஒன்றேதான். ஒன்றரை மில்லிதானே என்று தோன்றும். ஆனால் ஷூவைத் தள்ளும் பலம் விட்டத்தைப் பொறுத்ததல்ல, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சந்தையில் கிடைக்கும் அளவுகளில் 17.46 மி.மீ. ஒன்று, 19.05 மி.மீ. ஒன்று, அங்குலக் கணக்கில் 11/16, 3/4. சின்னதை எடுத்துவிட்டுப் பெரியதைப் போட்டால் அதே பிரஷரில் 19 சதவீதம் கூடுதலாகத் தள்ளும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் அந்தக் கூடுதல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை மதுக்கரையில் பார்த்தாயிற்று.

இரண்டு பக்கமும் ஒரே அளவில் புது வீல் சிலிண்டர், புது ஷூ. டிரம் இரண்டையும் லேத்தில் கொடுத்துக் கடைந்தோம். எவ்வளவு விட்டம்வரை கடையலாம் என்று பெரும்பாலும் டிரம்மிலேயே பொறித்திருக்கும்; அதைத் தாண்டினால் புது டிரம்தான். ஷூவை முதலில் சரிசெய்துவிட்டு ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியில் இறுக்கினார், இப்போது ஐந்தாவது பல்லில் பிடிக்கிறது. கேபிளை இறுக்கி ஷூவின் தேய்மானத்தை மறைப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. இன்னொன்று, டிரம்மைத் திறந்ததும் ஏர் பிடித்துத் தூளை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

மொத்தச் செலவு, கூலியோடு, 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. வால்வின் விலையை நான் அன்று யாரிடமும் சொல்லவில்லை.

மறுபடி அதே லே-அவுட், அதே மச்சான். இந்த முறை ஈரத்தில் திரும்பல் இல்லை. காய்ந்த இடத்தில் முழு பலத்தோடு மிதித்தபோது இரண்டு கோடு. இரண்டும் பின் சக்கரத்துடையது. முன் சக்கரம் உருண்டுகொண்டுதான் இருந்தது என்று வீடியோவில் தெரிந்தது. ஆக, சக்கரத்தின் கோளாறு போனது; என் கைவேலையால் வந்த கோளாறு மிச்சம் இருந்தது.

இங்கேதான் எடை மேடை கைகொடுத்தது. பழைய இரும்புக் கடைப் பக்கம் இருக்கும் வே பிரிட்ஜில் போய், முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை, பின் சக்கரம் மட்டும் ஒரு எடை எடுத்தேன். "காருக்கு எதுக்குங்க?" என்று ஆபரேட்டர் சிரித்தார். நான் உட்கார்ந்தபடி மொத்தம் 830 கிலோ. முன்னால் 530, பின்னால் 300. ஜென்னின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2,335 மி.மீ. பாரத்தின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் என்று குத்துமதிப்பாக வைத்துக் கணக்குப் போட்டேன். காய்ந்த ரோட்டில் நல்ல டயரோடு 0.8 ஜி அளவுக்கு (ஒரு ஜி என்பது புவியீர்ப்பின் அளவு) பிரேக் பிடித்தால் சுமார் 140 கிலோ முன்னால் போய்விடும். பின்னால் மிஞ்சுவது 160 கிலோதான், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஈரத்தில் 0.3 ஜி-க்கு மேல் பிடிக்க முடியாது என்றால் முன்னால் போவது 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், பின்னால் 250 கிலோ அளவுக்கு இருக்கும்.

இந்தக் கணக்கில் எனக்குக் கிடைத்த ஆச்சரியம் டயர்தான். முன்னால் நல்ல டயர் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்தேன். பிடிக்கத்தான் செய்தது, பிடிக்கப் பிடிக்க பாரம் இன்னும் அதிகமாக முன்னால் போய், பின்னால் இருந்த கல் மாதிரியான டயர்கள் இன்னும் லேசாகி முதலில் லாக் ஆயின. பின் டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியைக் குறிக்கும் நாலு எண்ணைப் பார்த்தேன். முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம் என்பது, அடுத்த இரண்டு எண் எந்த வருஷம் என்பது. என் டயரில் 3109, அதாவது 2009-ல் 31-வது வாரம். பத்து வருஷத்துக்கு மேல் வெயிலில் காய்ந்த ரப்பரில் பட்டன் இருந்து என்ன பயன்? நான்கும் ஒரே டயராக மாற்றினேன். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதுசு பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. முன்சக்கர இழுவை வண்டிக்கும் அப்படித்தான். இதை டயர் கடையில் சொன்னால் பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பின் சீட்டும் ஸ்டெப்னியும் திரும்ப வந்தன. ஸ்டெப்னி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் தன் எடையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பின் சக்கரத்தில் அழுத்தும். மறுபடி எடை போட்டபோது பின்னால் 340 கிலோ காட்டியது. அப்புறம் பின் பிரேக்கைக் குறைப்பதற்குப் பதில் முன் பிரேக்கைக் கூட்டினோம். கொஞ்சம் கூடுதல் உராய்வுள்ள நல்ல பிரேக் பேட், டிஸ்க்கை ஒரு முறை சமப்படுத்தியது, புது டாட் 4 ரக பிரேக் ஆயில். பின் பக்கத்தை அடக்கினால் வண்டி நிற்கும் தூரம் கூடும். முன் பக்கத்தைப் பலப்படுத்தினால் காலுக்குக் கொஞ்சம் குறைந்த பிரஷரே போதும், அதனால் பின்னாலும் தானாகக் குறைவாகப் போகும். பின்னால் டிஸ்க் போட வேண்டும் என்று துடிக்கும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். பங்கீட்டைப் பார்க்காமல் பின்னால் டிஸ்க் மாட்டினால் நான் காசு கொடுத்துப் போக்கிய நோயைக் காசு கொடுத்து வாங்குவதுதான்.

என் வண்டிக்குப் பொருந்தாத, ஆனால் அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்ட ஒன்று. சில வேன்களிலும் ஜீப்களிலும் பின் அச்சுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு கம்பியோடு வால்வு இருக்கும். சுமை ஏறி பாடி தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்கு அதிகப் பிரஷர் விடும். அந்த மாதிரி வண்டியில் ஸ்பிரிங்கைத் தாழ்த்தினால், காலி வண்டியையே லோடு ஏற்றியதாக வால்வு நினைத்துக்கொண்டு பின் சக்கரத்தை லாக் பண்ணும். ஸ்பிரிங் மாற்றினால் அந்தக் கம்பியையும் சரிசெய்ய வேண்டும்.

கடைசிச் சோதனையில் 40, 60 இரண்டிலும் முன் சக்கரத்தின் கோடுகள் முதலில் விழுந்தன, பின்னது உருண்டே வந்து நின்றது. ரோட்டில் தண்ணீர் ஊற்றியும் பார்த்தோம். டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது ஒரு தடவை, மச்சானைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஒரு தடவை. முழு அழுத்தத்தில் காய்ந்த ரோட்டில் மட்டும், நிற்பதற்குச் சற்று முன் பின்னால் ஒரு சின்னக் கீச்சு இன்னும் வருகிறது. அண்ணனிடம் கேட்டேன். "அது இருக்கட்டுங்க" என்றார்.

அந்தச் சிவப்புக் குமிழ் வால்வு வீட்டில் பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. பின் லைன் தனியாக இருக்கும் வண்டிக்காரர் யாராவது கேட்டால் பாதி விலைக்குத் தருவேன், எத்தனை கோடு என்று பார்த்துவிட்டு வந்தால்.